பீங்கான் பிள்ளையார்

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் இறங்கி எத்திராஜ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். "கோபியோட மாமா ஊடு எது?" என்று கேட்டால் பெட்டிக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து கை காட்டுவார். கோபி என்பவன் எத்திராஜின் மனைவி வடிவுக்குத் தம்பி. மச்சான் பேரைச் சொல்லித்தான் தன் வீட்டையே அடையாளம் காட்டுகிறார்கள் என்றால் ஒரு மனுஷனுக்கு எப்படி இருக்கும்? எத்திராஜைக் கேட்டால் சொல்வார். ஆனால் அவரை யார் கேட்டார்கள்?

இரண்டு பேருக்கும் வீடுதான் தொழில். கோபி கட்டுகிறவன், எத்திராஜ் இடிக்கிறவர். கட்டுகிறவனுக்குப் பூமி பூஜையில் மாலை போடுவார்கள், கிரகப்பிரவேசத்தில் வேட்டி சட்டை வைத்துக் கொடுப்பார்கள். இடிக்கிறவனுக்கு வாய் நிறையச் செங்கல் தூள். குடும்பத்தில் ஒரு கல்யாணப் பேச்சு என்றால் கோபிக்கு நாற்காலி வரும். எத்திராஜிடம், "மாமா, அந்த வண்டிய கொஞ்சம் ஓரமா தள்ளி உடு" என்பார்கள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, அப்பன் விட்டுப்போன நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது, அந்த நிலத்தில் எழும்பின அடுக்குமாடியில் இன்றைக்கு பால்கனிக்கு பால்கனி யார் யார் துணியோ காய்வது, எல்லாவற்றையும் எத்திராஜ் சிரித்துக்கொண்டே விழுங்கிவிட்டார். "கோபியோட மாமா" மட்டும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

இடிக்கிற தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரர் தனக்கு வேண்டியதை எல்லாம் முதலிலேயே எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். சாவி கைமாறிய பிறகு அந்த வீட்டில் இருக்கிற கதவு, ஜன்னல், உத்தரம், கம்பி, அடுப்பங்கரைக் கல் எல்லாம் இடிக்கிறவனுக்கு. பிறகு வந்து "எங்க தாத்தா காலத்து ஜன்னல்" என்று கண்ணைக் கசக்கினால் எடுபடாது. சண்டையில்லாத நல்ல வழக்கம் அது.

அப்படித்தான் பூந்தமல்லியில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தபோது, பூஜை அறைச் சுவரில் கடப்பாறை போட்ட இடத்தில் சத்தம் வேறு மாதிரி கேட்டது. பூசி மூடிய மாடம் ஒன்று உள்ளே இருந்தது. வீட்டுக்காரருக்கே தெரிந்திருக்காது. வைக்கோலும் மக்கிப்போன துணியுமாக ஒரு பொட்டலம். பிரித்தார். ஒரு சாண் உயரத்தில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

கல் இல்லை, பித்தளை இல்லை, பீங்கான். இதுவரை எத்திராஜ் பார்த்த எந்தப் பிள்ளையார் சாயலிலும் இல்லை. வெள்ளை வெளேர் என்ற உடம்பு. துரை வீட்டுக் குழந்தை மாதிரி கன்னத்தில் ரோஸ் பூச்சு. நீல நிற வேட்டி, தங்க நிறக் கிரீடம். செய்தவன் மூஞ்சூறைக் கண்ணால் பார்த்தவன் இல்லை போல. காலடியில் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்திருந்தது. அடியில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து.

எத்திராஜ் தன் சட்டையைக் கழற்றிப் பிள்ளையாருக்குச் சுற்றினார். பனியனோடு, வண்டியின் டேங்க் மேல் பிள்ளையாரை அணைத்துக்கொண்டு, பூந்தமல்லியிலிருந்து அயனம்பாக்கம் வரை ஒரு வேகத்தடை விடாமல் காலை ஊன்றி ஊன்றி ஓட்டி வந்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிக் கூட்டிக்கொண்டு வந்ததில்லை என்று வடிவு பின்னால் சொன்னாள்.

அது என்ன பொருள் என்று சொன்னது நிவேதிதா. பக்கத்து அடுக்குமாடியில் இருக்கிற பெண், ஈரோட்டுப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை. இந்த அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு பழக்கம். உடைந்த ஜன்னலை வாங்கிக் கண்ணாடி மாட்டுவார்கள், மாட்டு வண்டிச் சக்கரத்தை வாங்கிச் சுவரில் சாய்ப்பார்கள். அப்படி ஜன்னல் சட்டம் பார்க்க வந்தவள் டி.வி. பக்கத்தில் பிள்ளையாரைப் பார்த்ததும் கத்திவிட்டாள்.

"அண்ணா! இது எங்கிருந்து கிடைச்சது உங்களுக்கு?"

"இன்னாம்மா, இப்டி கத்தற? ஒடச்சிட்டியோன்னு பயந்துட்டேன்."

"அண்ணா, இது ஆன்டிக் பீஸ், ஜெர்மனில செஞ்சு கப்பல்ல வந்தது. நூறு வருஷமாவது இருக்கும். இதுல கை, தும்பிக்கை எல்லாம் உடையாம முழுசா கிடைக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். தேடி அலையறவங்க இருக்காங்க. எண்ணெய் கிண்ணெய் வெச்சிடாதீங்க, கறை பிடிச்சா போகாது. குங்குமம் வேண்டவே வேண்டாம். பிரஷ் வெச்சு தூசி மட்டும் தட்டுங்க."

அதோடு விட்டாளா? அவர்கள் அடுக்குமாடியில் வருகிற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு பழம்பொருள் கண்காட்சி நடத்துகிறார்களாம். பிள்ளையாரை நடுவில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். பக்கத்தில் அட்டையில் உரிமையாளர் பெயரைப் போடுவார்களாம்.

"எம் பேரா?" என்றார் எத்திராஜ்.

"ஆமாண்ணா. உங்க முழுப் பேரு என்ன?"

"எத்திராஜ். வெறும் எத்திராஜ்னு போடு, போதும். கோபியோட மாமான்னு மட்டும் போட்டுடாதம்மா."

அன்றிலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. நிவேதிதா அனுப்பின படத்தைப் பார்த்துவிட்டு அடுக்குமாடியிலிருந்து இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். ராகவன் என்று ஒருத்தர், ரிட்டயர் ஆனவர், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே "எத்திராஜ் சார் இருக்காரா?" என்று கேட்டார். எத்திராஜ் உள்ளே லுங்கியைச் சரி செய்துகொண்டிருந்தவர், யாரையோ கேட்கிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டார். வடிவுதான், "யோவ், சாரு! உன்னத்தான்" என்று உசுப்பினாள்.

வருகிறவர்களுக்கு மாடத்தை உடைத்த கதையைச் சொல்ல வேண்டும். முதல் நாள் சொன்ன கதையில் வைக்கோலும் துணியும் இருந்தன. மறு நாள் ஒரு தேள் வந்து சேர்ந்தது. ராகவன் இரண்டாம் முறை வந்தபோது அது நல்ல பாம்பாகி, பிள்ளையாரைச் சுற்றிப் படுத்திருந்தது.

"போன தடவ தேள்னுதானே சொன்னீங்க?" என்றார் ராகவன்.

"தேளு மாடத்துக்கு வெளிய சார். பாம்பு உள்ள."

வடிவுக்கு மட்டும் இதெல்லாம் பிடிக்கவில்லை.

"புள்ளையார இட்டுகினு வந்து பொம்ம மாதிரி டி.வி. பக்கத்துல குந்த வெச்சிகீற. வெள்ளிக்கெழமகூட ஒரு வெளக்கு ஏத்த உடல."

"எண்ண பட்டா கறையாவும்டி. அந்தப் பொண்ணு சொல்லிச்சி இல்ல?"

"புள்ளையாருக்கு எண்ண ஆவாதுன்னு ஈரோட்டுலேர்ந்து வந்து சொல்றாளா?"

"இது புள்ளையார் இல்லடி. ஆண்டிக்கு."

"அப்ப தும்பிக்க எதுக்கு வெச்சிகினு கீது?"

எத்திராஜ் பிரஷ்ஷை எடுத்துத் தும்பிக்கையில் தூசி தட்டினார்.

இந்த நேரத்தில்தான் கோபிக்கு ஒரு தலைவலி. கோவில்பதாகையில் சொந்தமாக மாடி வீடு ஒன்று கட்டி வாடகைக்கு விட்டிருந்தான். விட்டிருந்தான் என்றால் போர்டு மாட்டியிருந்தான், அவ்வளவுதான். எதிரே வருகிற தெரு நேராக வந்து அவன் கேட்டில்தான் முட்டுகிறது. தெருக்குத்து, குடியிருக்கிறவனுக்கு ஆகாது என்பார்கள். ஊரெல்லாம் வீடு கட்டிக் கொடுக்கிறவன், இடம் மலிவு என்று ஆசைப்பட்டுத் தெருக்குத்தில் போய் மாட்டிக்கொண்டான். வருகிறவர்கள் டைல்ஸைப் பார்த்துச் சிரிப்பார்கள், வெளியே வந்து தெருவைப் பார்த்து முகம் சுருங்கி, போன் பண்ணுகிறோம் என்று போய்விடுவார்கள். ஒருத்தரும் போன் பண்ணவில்லை.

ஒரு நாள் கோபி அக்கா வீட்டுக்கு வந்து சோபாவில் சரிந்து உட்கார்ந்தான். "மேஸ்திரி இன்னா சொல்றான்னா மாமா, தெருவப் பாத்தாப்ல ஒரு புள்ளையார வெச்சிடுன்றான்."

"வெச்சிட வேண்டியதுதான? கடையில விக்குது."

"வாங்கின புள்ளையாருக்கு சத்து இல்லியாம் மாமா. உடமக்காரனுக்குத் தெரியாம லவட்டினு வந்து வெச்சாத்தான் தெருக்குத்து போவுமாம்."

இது மேஸ்திரி கண்டுபிடித்தது இல்லை. இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அரச மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையார்களில் எத்தனை பேர் பக்கத்து ஊரிலிருந்து ராவோடு ராவாக வந்தவர்கள் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. திருட்டுக் கொடுத்த ஊரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. தங்கள் பிள்ளையாருக்கு அவ்வளவு கிராக்கி என்று நினைத்துக்கொள்ளும்.

எத்திராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப போய் லவட்டு மச்சான்! உன்ன யாரு வாணான்னது?"

"எங்க போயி மாமா? இப்பல்லாம் புள்ளையாருக்குக் கம்பி கேட்டு, பூட்டு, கேமரா. ஒரு எடத்துல போய் நின்னு பாத்தேன், பூசாரி வந்து 'அர்ச்சனையா?'ன்னு கேட்டுட்டாரு. பண்ணிகினு வந்துட்டேன்."

"உனுக்கெல்லாம் எதுக்கு மச்சான் திருட்டு? ஏசி கார்ல போறவன் நீ. ஒரு கொய்யாக்கா திருடியிருப்பியா நீ வாழ்க்கையில? அதுக்கு ஒரு தில்லு வேணும்."

டி.வி. ஓடாமல் இருந்தது. ஆனாலும் கோபி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். காபி டம்ளரோடு நின்ற வடிவும் அந்தப் பக்கம் பார்த்தாள். எத்திராஜ் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர்.

அடுத்த வாரம் வேப்பம்பட்டில் ஒரு வீட்டை இடிக்கப் போய்விட்டு எத்திராஜ் சாயங்காலம் திரும்பினார். கை கால் கழுவினார். பிரஷ்ஷை எடுத்தார். டி.வி. பக்கத்தில் பிள்ளையார் இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார், பீரோவுக்குப் பின்னால் பார்த்தார், பிரிட்ஜைத் திறந்துகூடப் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கிக் கத்தினார். பூட்டு உடையவில்லை, கதவு பெயரவில்லை. அப்படியானால் தெரிந்தவன் வேலை. போன தடவை ராகவன் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தது ஞாபகம் வந்து, நேராக அடுக்குமாடி கேட்டுக்குப் போய், "அந்த பேண்ட் போட்ட சாரக் கூப்புடு!" என்றார். அங்கே எல்லாரும் பேண்ட் போட்ட சார்கள்தான். வாட்ச்மேன் விழித்தார். ராகவனே இறங்கி வந்து, விஷயத்தைக் கேட்டு, எத்திராஜுக்கு மேல் பதறிப்போனார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் இவர் இல்லை என்று எத்திராஜுக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு பேருமாகப் போலீஸில் சொல்லக் கிளம்பினார்கள். பாதி வழியில் ராகவன் மெதுவாக, "பழைய சாமி சிலைன்னு சொன்னா, அது உங்ககிட்ட எப்படி வந்ததுன்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றார். எத்திராஜ் யோசித்தார். மாடம், தேள், பாம்பு. டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பி வந்தவருக்கு வேறொன்று உறைத்தது. வடிவு திட்டவே இல்லை. கொடியில் காயப்போட்ட துணிக்கு மாட்டுகிற கிளிப்பு ஒன்று காணாமல் போனால் தெரு மண்ணை வாரித் தூற்றி மூன்று தலைமுறைக்குச் சாபம் விடுகிறவள். இன்றைக்குச் சாமான் துலக்கிக்கொண்டே, "போனா போவட்டும் உடு. போன எடத்துல நல்லா இருக்கட்டும்" என்றாள்.

"திருடன நல்லா இருக்கச் சொல்றியா?"

"புள்ளையாரச் சொன்னேன்யா."

எத்திராஜ் சாப்பிடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அட்டையில் அவர் பேர் வரப்போகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து இஸ்திரிக்குக் கொடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கோபியிடமிருந்து போன். புது வீட்டில் ஒரு சின்ன பூஜை, அக்காவும் மாமாவும் வரணும். எத்திராஜ் வேண்டா வெறுப்பாகத்தான் வண்டியை எடுத்தார். கோவில்பதாகையில் தெருமுனையில் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. கோபி வீட்டுக் காம்பவுண்டில், தெருவைப் பார்த்தாற்போல், புதிதாகக் கட்டிய ஒரு மாடம். சுற்றி டைல்ஸ். அருகம்புல் மாலைக்குள்ளிருந்து ஒரு ரோஸ் கன்னம் எட்டிப் பார்த்தது.

எத்திராஜ் வண்டியை நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த வடிவு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எறங்கு," என்றார்.

மாடத்துக்கு முன்னால் போய் நின்றார். உடம்பெல்லாம் சந்தனம். நெற்றியில் குங்குமம். எண்ணெய் வழிந்து நீல வேட்டி கறுத்திருந்தது. அடிப்பாகம் சிமெண்டுக்குள் போயிருந்தது. இங்கிலீஷ் எழுத்தும் அதற்குள்ளே. நாய்க்குட்டியின் காது மட்டும் வெளியே தெரிந்தது.

சொந்தக்காரர்கள் சாமியானா நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். கோபி வெள்ளை வேட்டியில் ஓடி வந்தான், மாமாவின் முகத்தைப் பார்த்தான், பாதியில் நின்றான். மாமா கையை ஓங்குவார் என்றுதான் நினைத்தான். எத்திராஜும் அந்த யோசனையில்தான் இருந்தார். அதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

வீடு பார்க்க வந்தவர்கள். விஷ்ணு என்று ஒரு பையன், கம்ப்யூட்டர் கம்பெனி. கூட அவன் அம்மா அங்கம்மா, விருதுநகர்ப் பக்கம். பையனுக்கு டைல்ஸ் பிடித்தது, பால்கனி பிடித்தது. அங்கம்மா உள்ளேயே போகவில்லை. இடுப்பில் கை வைத்துத் தெருவைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இது தெருக்குத்து வீடுல்லா?"

"அதுக்குத்தாம்மா புள்ளையார் வெச்சிட்டோம்," என்றான் கோபி.

"அது தெரியுது. வாங்குன பிள்ளையாரா, களவாண்ட பிள்ளையாரா?"

கோபி எத்திராஜைப் பார்த்தான். வாங்கினது என்றால் அம்மா ஆட்டோவில் ஏறிவிடுவார். களவு என்றால் உடமைக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார்.

"சொல்லு மச்சான். அம்மா கேக்கறாங்க இல்ல?" என்றார் எத்திராஜ். குரலில் வெல்லப் பாகு.

"எடுத்... எடுத்துகினு வந்ததுதாம்மா."

"யாரு வீட்டுல?"

கோபி மெதுவாகக் கையை நீட்டினான். "தோ, எங்க மாமா ஊட்லதான்."

அங்கம்மா எத்திராஜை மேலும் கீழும் பார்த்தார். "களவு குடுத்தவரு பூஜைக்கு வந்து நிக்காராக்கும்? யாருட்டப்பா கதை விடுத? மாமனும் மச்சினனும் பேசி வச்சிக் குடுத்து வாங்கியிருக்கீக. குடுத்த பிள்ளையாருக்கு என்ன சத்து இருக்கும்? ஏல விஷ்ணு, கெளம்பு."

"அம்மா, அம்மா! நெசமா திருடினதும்மா!" கோபி வேட்டி தடுக்கப் பின்னால் ஓடினான். "மாமா! சொல்லு மாமா!"

அங்கம்மா ஆட்டோவில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். "நீங்க சொல்லுங்கய்யா. நீங்களா குடுத்தீகளா, களவு போச்சா?"

சுண்டல் தின்கிற சத்தம் நின்றது. கல்யாணத்துக்குக் கல்யாணம் வண்டியை ஓரமாகத் தள்ளச் சொன்ன அத்தனை சொந்தமும் எத்திராஜின் வாயைப் பார்த்தது.

"நாந்தாம்மா குடுத்தேன்" என்று ஒரு வார்த்தை போதும். இந்த அம்மா போய்விடுவார். இவரோடு சேதி ஊரெல்லாம் போய்விடும். கொடுத்த பிள்ளையாரை வைத்துக்கொண்டு கோபி என்ன செய்வான்? இன்றைக்கே சிமெண்டைப் பெயர்த்துக் கையில் கொடுத்துவிடுவான். நிவேதிதா துடைத்துத் தருவாள். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டி, அட்டை, பேர். எத்திராஜுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கோபியைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் தன் எதிரே இப்படிக் கை பிசைந்து நின்று அவர் பார்த்ததில்லை. வடிவைப் பார்த்தார். அவள் மாடத்துப் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குடுக்கறதா?" என்று எத்திராஜ் கத்தியதில் சாமியானா ஆடியது. "நானா? இவனுக்கா? இந்தக் கையால இவனுக்கு ஒரு பீடி குடுத்திருப்பனா? திருடிட்டாம்மா இந்த சோமாறி! பட்டப்பகல்ல!"

அங்கம்மா ஆட்டோவிலிருந்து காலை எடுத்தார். "எப்படிய்யா?"

"பின்னாடி செவுரு எட்டடி. மேல கண்ணாடித் துண்டு பதிச்சிகீது. அத்தத் தாண்டிக் குதிச்சான். குதிச்சியா இல்லியா மச்சான்?"

கோபி தன் வயிற்றை ஒரு தடவை குனிந்து பார்த்தான். "குதிச்சேன் மாமா."

"கூர ஓட்டப் பிரிச்சியா?"

"மாமா, உன்னுது தளம் போட்ட ஊடு..."

"பிரிச்சியா இல்லியா?"

அங்கம்மா புருவத்தைத் தூக்கினார். கோபி அவசரமாகச் சொன்னான். "சைடுல கீற ஷெட்டு ஓட்டத்தாம்மா பிரிச்சேன்."

"வீட்டுல பொம்பளையாளு இல்லையா?"

"இருந்தா. இவ்ளோ பெரிய பொம்பள, சொந்த அக்கா. வாயில துணிய வெச்சி..."

"யோவ்!" என்றாள் வடிவு.

"சரி, துணி வெக்கல. அசந்து தூங்கிட்டா. மூஞ்சில இன்னாத்தையோ தெளிச்சிகீறான்."

"தெளிச்சியாப்பா?"

"லைட்டா தெளிச்சேம்மா," என்றான் கோபி அழமாட்டாக் குறையாக.

அங்கம்மாவின் முகம் மலர்ந்தது. மாடத்துக்கு முன்னால் வந்து தலையில் குட்டிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டார். "இவ்வளவு பாடுபட்டு வந்த பிள்ளையாரு! தெருக்குத்து என்ன, மலையே வந்து முட்டினாலும் தாங்கும். ஏல விஷ்ணு, மேல் மாடி நமக்குத்தான். தம்பி, முதல் தீபாராதனையை நீங்க காட்டப்படாது. பறிகுடுத்தவரு கையாலதான் காட்டணும்."

அப்படி ஒரு முறை இருக்கிறதா, அங்கேயே உண்டாக்கினாரா தெரியாது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கோபியே கற்பூரத் தட்டை எடுத்துவந்து இரண்டு கையாலும் நீட்டினான். சொந்தக்காரர்கள் எழுந்து நின்றார்கள். எத்திராஜ் தட்டைச் சுற்றினார். வெளிச்சத்தில் சந்தனத்துக்கு நடுவே அந்த ரோஸ் கன்னம் ஒரு தடவை பளிச்சென்று தெரிந்து மறைந்தது. "கப்பூரம் சரியில்ல, பொக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது வண்டி ஆவடி தாண்டியது. பிறகு பின்னாலிருந்து ஒரு சிரிப்பு.

"எட்டடி செவுரு! அவனுக்கு நம்ம ஊட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்குது. குந்த வெச்சி காபி போட்டுக் குடுத்து, உன் புது லுங்கியில சுத்தி, நாந்தான் கார்ல ஏத்தி உட்டேன்."

"புது லுங்கியா?" என்றார் எத்திராஜ். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. "அதுவும் போச்சா?"

"புள்ளையார எத்தினி நாளுக்கு டி.வி. பாக்க வெப்ப நீ? இப்பப் பாரு, மூணு வேளையும் வெளக்கு."

திருமுல்லைவாயில் வந்ததும் ஒரு கடையில் நிறுத்தி அவளே புது லுங்கி வாங்கிக் கொடுத்தாள். கட்டம் போட்டது வேண்டாம், பச்சை வேண்டாம் என்று எல்லாவற்றையும் பிரித்துப் போட வைத்து, கடைசியில் எத்திராஜ் முதலில் காட்டினதையே எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போட்டோதான் இருந்தது. நிவேதிதா அழாத குறை. முந்தின நாள் கோவில்பதாகைக்கே பிரஷ்ஷோடு போயிருக்கிறாள். "அண்ணா, மறுபடி மறுபடி எண்ணெய் ஊத்தறாங்கண்ணா! துடைக்கப் போனா, மேல் மாடிக்குப் பால் காய்ச்ச வந்த அந்த அம்மா என் கையில சுண்டலைக் குடுத்து அனுப்பிட்டாங்க." எத்திராஜ் போட்டோவைப் பார்த்தார். வெள்ளை வெளேர் என்று, ரோஸ் கன்னத்தோடு, எண்ணெய் படாத பிள்ளையார். யாரோ ஒருத்தர், "சார், இது எங்க இருக்கு இப்ப?" என்று கேட்டார்.

"என் மச்சான் திருடிட்டான் சார்," என்று ஆரம்பித்தார். ஐந்து பேர் கூடினார்கள். பிறகு இருபது பேர். மற்ற மேஜைகளில் பித்தளைச் செம்புகளும் பழைய ரேடியோக்களும் ஆளில்லாமல் கிடந்தன.

கோபியின் வீட்டில் கீழ்த் தளத்துக்கும் ஆள் வந்துவிட்டது. குடி வந்தவர்கள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இது எத்திராஜ் வீட்டிலிருந்து திருடின பிள்ளையார் என்று பெருமையாகச் சொன்னார்கள். சொன்னால்தானே சத்து. ஆட்டோக்காரர்கள் "எத்திராஜ் புள்ளையார் ஸ்டாப்பிங்" என்று நிறுத்தினார்கள். கோபிக்குத் தன் தெருவுக்கே வழி சொல்ல மாமா பேரைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஆனால் கோபி சும்மா இருக்கிற ஆளா? ஆவடியில் ஒரு காது குத்து. எத்திராஜ் கொஞ்சம் தாமதமாகப் போனார். மண்டபத்தில் கோபியைச் சுற்றி ஒரு கூட்டம். கோபி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே எழுந்து நின்று நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"...ஒரே தம்மு. எட்டடி செவுரு. அந்தாண்ட எறங்கினா, தோ, கன்னுக்குட்டி ஒசரத்துக்கு ஒரு நாய் நிக்குது! நான் அசரல. கண்ணுக்குக் கண்ணு அத்தப் பாத்தேன். வால ஆட்டிகினு ஒதுங்கிப் போயிடுச்சி."

எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எத்திராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார். பிள்ளையாரை எடுத்தான், சரி. லுங்கியை எடுத்தான், அதுவும் சரி. இப்போது கதையையும் எடுத்துக்கொண்டு போகிறான். அவர்கள் வீட்டில் நாயே கிடையாது.

அவர் நேராக உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கோபிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"முழுசா சொல்லு மச்சான்," என்றார். "நாய் ஒதுங்கிப் போச்சின்றியே, அதுக்கு முன்னாடி இன்னா பண்ணிச்சி?"

"இன்னா பண்ணிச்சி மாமா?"

"கடிச்சிது இல்ல? நாந்தான பாத்தேன் அந்த நாயி வாயில உன் பேண்ட்டுத் துணிய. வெக்கப்படாத, நம்ம ஜனந்தான். எங்க கடிச்சிதுன்னு சொல்லு."

கூட்டம் மொத்தமும் கோபியின் பக்கம் திரும்பியது. கோபியின் கை அவனை அறியாமலே பின்பக்கம் போனது.